கருப்பட்டி பூசிய படகு

கழிமுகத்தை ஒட்டிய காட்டில் ஒரு கீரியும் முயலும் குரங்கும் கூட்டாளிகளாக இருந்தன. அந்த ஆண்டு குளத்தில் சேறு மட்டுமே மிச்சம். உள்காட்டுச் சுனைகளும் காய்ந்துவிட்டன. எதிரே தெரிந்த தீவில் வற்றாத ஊற்று இருப்பதாகக் கொக்கு சொல்லியிருந்தது. வாடைக்காற்று இன்னும் மூன்றே நாள்தான் வீசும். அதற்குள் தீவுக்குப் போகாவிட்டால் மூன்றும் தாகத்தில் சாக வேண்டியதுதான்.

நல்லவேளையாகக் கரையில் ஒரு பழைய பாய்மரப் படகு ஒதுங்கிக் கிடந்தது. முயல் கிழிந்த பாயைத் தைத்தது. கீரி பாய்மரத்தை நட்டுக் கயிறு கட்டியது. குரங்கோ படகில் ஏறி, எங்கே உட்கார்ந்தால் காற்று சுகமாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கீரி அதன் வாலைப் பிடித்துக் கீழே இறக்கியது. பலகை இடுக்குகளில் தேங்காய் நார் திணித்தாகிவிட்டது. அதன் மேல் குங்கிலிய மரத்துப் பிசினைக் காய்ச்சிப் பூசினால்தான் தண்ணீர் புகாது. அந்த மரங்கள் உள்ளே, மலைச்சரிவில் இருந்தன. மூவரில் மரமேறத் தெரிந்தது குரங்குக்கு மட்டும்தான். போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும்.

குரங்கு முனகிக்கொண்டே கிளம்பியது. காய்ந்த ஓடையைத் தாண்டியது. முள்ளுக்காட்டில் வாலைக் கீறிக்கொண்டது. மலை என்னவோ இன்னும் தூரத்திலேயே நின்றது. அப்போது பனைகளுக்கு நடுவே யாரோ விட்டுப்போன குடிசை ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி!

ஒன்றைத் தின்றது. இன்னொன்றைத் தின்றது. மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் அதற்கு ஒரு யோசனை வந்தது. கறுப்பாக இருக்கிறது. கட்டியாக இருக்கிறது. காய்ச்சினால் பிசுபிசுக்கும். குங்கிலியமும் அப்படித்தானே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டது.

"அதற்குள் மலைக்குப் போய்விட்டா வந்தாய்?" என்றது முயல்.

"என் கால் வேகம் உனக்கு எங்கே தெரியப்போகிறது?" என்றது குரங்கு.

யாரையும் கிட்டே விடாமல் தானே காய்ச்சி, தானே பூசியது. குங்கிலியம் இப்படி இனிப்பாக மணக்குமா என்று முயல் கேட்டதற்கு, மலைச்சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று சாதித்துவிட்டது.

மறுநாள் காலையில் கீரி வந்து பார்த்தால், இடுக்கு தவறாமல் எறும்பு வரிசை. தொட்டு நக்கிப் பார்த்தது. அதற்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் படகின் பின்புறத்தில் நீளமாக ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுக் குரங்கைக் கூப்பிட்டது.

"படகு கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இடுக்கு அடைத்தவன்தான் முதலில் தனியாக ஏறி ஒரு சுற்று வரவேண்டும். ஏறு தம்பி."

குரங்கு நழுவப் பார்த்தது. தலை வலிக்கிறது என்றது. இன்றைக்கு நாள் சரியில்லை என்றது. அந்தப் பெருமையை முயலுக்கே விட்டுக்கொடுப்பதாகக்கூடச் சொன்னது. கீரி விடவில்லை. குரங்கை ஏற்றிப் படகைத் தள்ளிவிட்டது.

பத்தடி போவதற்குள் கருப்பட்டி கரைந்து, நாரும் கழன்று மிதந்தது. ஒரு ஓட்டையில் வலது காலை வைத்தது குரங்கு. அடுத்ததில் இடது கால். பிறகு இரண்டு கைகள். ஐந்தாவதில் வாலைத் திணித்தது. ஆறாவது ஓட்டைக்கு அதனிடம் எதுவும் இல்லை. இருக்க இடமில்லாத எறும்புகள் எல்லாம் அதன் முதுகில் ஏறின. சொறியக் கையை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"இது குங்கிலியம் இல்லை, கருப்பட்டி! என்னை இழுங்கள்!" என்று அலறியது குரங்கு.

"தெரியும். நல்ல இனிப்பு" என்று சொல்லிக்கொண்டே கீரி கயிற்றை இழுத்தது. "நாளைக்கு நாங்களும் இதில்தானே ஏறியிருப்போம்? நடுக்கடலில் உனக்கு எத்தனை வால் முளைத்திருக்கும்?"

குரங்கு கரையில் குதித்தது. உடம்பை உதறிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடியது. சாயங்காலம் மூச்சிரைக்கக் குங்கிலியத்தோடு வந்து, நாரை மறுபடி திணித்து, ஒவ்வொரு இடுக்கையும் இரண்டு முறை பூசியது. மூன்றாம் நாள் பாய் விரிந்தது. வழி நெடுகக் குரங்கு அடிப்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் புகவில்லை. தீவில் இறங்கி ஊற்றுநீரை வயிறாரக் குடித்ததும், முயல் மிச்சக் கருப்பட்டியைச் சிரித்துக்கொண்டே நீட்டியது. குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எல்லோரும் ஏறப்போகும் படகில் ஓட்டையை மறைத்து வைப்பவன், அதைத் தன் காலடியிலும்தான் மறைத்து வைக்கிறான்.