லத்தீனுக்குக் கதைப்பாட்டு வந்த விதம்

ரோம் நகரத்துத் தெருக்களுக்குக் கல் பாவாத காலம் அது. அந்த ஊர்க்காரர்கள் பேசிய லத்தீன் மொழியில் உழவுக்குச் சொல் இருந்தது. சட்டத்துக்கும் போர்க்களத்துக்கும் இருந்தது. நீண்ட கதை ஒன்றைப் பாட்டாகப் பாட மட்டும் யாருக்கும் தெரியாது.

தெற்கே கடலோரத்தில் கிரேக்கர்களின் ஊர் ஒன்று இருந்தது. ரோமப் படை அதைக் கொளுத்திவிட்டு, பிழைத்தவர்களை அடிமைகளாக ஓட்டிவந்தது. அவர்களில் ஒருத்தி மெலிட்டா. கோயில் விழாக்களில் கதை பாடியவள். அந்தப் படையின் தலைவன் விபியுஸ் அவளைத் தன் வீட்டில் மாவரைக்க வைத்தான். “இந்த வீட்டில் கிரேக்கச் சத்தம் கேட்கக் கூடாது” என்று கட்டளையும் போட்டான்.

மறு வருஷம் அவனுடைய ஒரே மகன் போரில் இறந்து, சாம்பலாக வீடு வந்தான். விபியுஸின் மனைவி ஒப்பியா அழவில்லை, சாப்பிடவுமில்லை. மூன்றாம் நாள் காலை மாவரைக்கும் இடத்துக்கு வந்தாள். தன்னை மறந்து பாடிக்கொண்டிருந்த மெலிட்டா அவளைக் கண்டதும் சட்டென்று பாட்டை நிறுத்தினாள்.

“என்ன பாட்டு அது?”

“எரிந்துபோன ஊரில் ஒரு தாய் மகனைத் தேடுகிற கதை, அம்மா.”

“எனக்குப் புரியும்படி பாடு.”

“உங்கள் மொழியில் இப்படி யாரும் பாடியதில்லையே.”

“நீ பாடு,” என்றாள் ஒப்பியா.

லத்தீன் அவள் ஊரைக் கொளுத்தியவர்களின் மொழி. மெலிட்டாவிடம் மிச்சமிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதையும் கொடுப்பதா? ஒப்பியாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாடினாள்.

வயலிலும் படையிலும் புழங்கிய முரட்டுச் சொற்கள் கிரேக்கத் தாளத்தில் நடக்கப் பழகின. முதலில் தடுக்கின, போகப்போக நிமிர்ந்தன. தினமும் பேசிய பேச்சுக்குள் இவ்வளவு இருந்ததா என்று ஒப்பியா வியந்தாள். வியந்தபடியே அழுதாள்.

தெருவில் போனவர்கள் வாசலில் கூடினார்கள். விபியுஸ் சாட்டையோடு உள்ளே வந்தான். பாட்டில் எரியும் கூரைகளைச் சொல்லும் வரி அப்போதுதான் வந்தது. அவை அவன் கொளுத்திய கூரைகள். சாட்டையைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தான்.

பாட்டு முடிந்த பின்னும் வாசலில் நின்றவர்கள் கலையவில்லை.

“உனக்கு விடுதலை,” என்றான் விபியுஸ். “வேறு என்ன வேண்டும்?”

“இனி உங்கள் ஆட்களும் இப்படிப் பாடுவார்கள். தங்களுடையது என்றும் சொல்வார்கள், சொல்லட்டும். தொடங்கும்போது மட்டும் எங்கள் நாட்டுப் பாட்டுத் தெய்வங்களைக் கூப்பிட வேண்டும்.”

அவன் தலையசைத்தான்.

பிறகு ரோம் கிரேக்க நாடு முழுவதையும் வென்றது. ஆனாலும் லத்தீனில் பெருங்கதை பாட வந்தவர்கள், தோற்றுப்போன அந்த நாட்டின் தெய்வங்களை அழைத்து வணங்கிவிட்டுக் கதையைத் தொடங்கினார்கள். அது அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான்.