ஏரியில் இறங்கிய விமானமும் பெயர் வாங்கிய நரியாரும்

புங்கங்காட்டு மிருகங்களிடம் இரண்டு குட்டி விமானங்கள் இருந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்தது அல்லி என்ற வாத்துக்கு மட்டும்தான். இறக்கை இருக்கிறவளுக்கு விமானம் எதற்கு என்று கேட்டவர்களிடம், இல்லாதவர்களை ஏற்றிப்போக என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

முதல் பயணத்தன்று விமானக் குழுத் தலைவர் நரியார், விமானத்தின் மூக்கில் இருந்த ஓட்டையில் சாமந்திப்பூவைத் திணித்து அழகு பார்த்தார். இன்ஜின் மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான் என்று சொல்லி அல்லி பிடுங்கிப் போட்டாள். அவள் உள்ளே ஏறியதும் நரியார் மறுபடி திணித்தார். சிங்கராஜா வந்திருக்கும்போது விமானம் மொட்டையாக நிற்கலாமா? பிறகு பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கரடிக்கும் ஆட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார்.

மூன்று பனை உயரம் ஏறியதும் இன்ஜின் இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. ஆடு அசைபோடுகிற சத்தம் கேட்டது.

"திருப்பு அம்மா. ராஜா மேளதாளத்தோடு கீழே நிற்கிறார்" என்றார் நரியார்.

"திரும்புகிற அளவுக்கு உயரம் இல்லை. பாதியிலேயே விழுந்துவிடுவோம். நேரே ஏரி இருக்கிறது."

"ஏரியிலா? என் மானம் என்ன ஆவது?"

"அது மிதக்கும், தலைவரே."

நரியார் உடனே ஓட்டெடுப்பு நடத்தினார். கரடியும் ஆடும் அவர் பக்கம். மூன்றுக்கு ஒன்று. அல்லி ஓட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை, வேகத்தைப் பார்த்தாள். வேகம் குறைந்தால் விமானம் கல்லாக விழும். கூடினால் தண்ணீரே கல்லாகும். இடித்த பிறகு கதவு திறக்காது, இப்போதே திற என்று ஆட்டிடம் சொன்னாள். திறந்த கதவு மூடாமல் இருக்க நரியாரின் பொன்னாடையைச் சுருட்டி இடுக்கில் செருகச் சொன்னாள். அதற்கும் அவர் ஆட்சேபம் தெரிவித்தார்.

வாத்து தண்ணீரில் உட்காருகிற மாதிரியே, பின்பக்கத்தை முதலில் வைத்தாள். விமானம் வழுக்கி, குலுங்கி, மூக்கைத் தண்ணீருக்குள் நுழைத்து நின்றது. கரடி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீந்தியது. நரியார் அல்லியின் வாலைப் பிடித்தபடி கரை சேர்ந்தார்.

சிங்கராஜா மூச்சிரைக்க ஓடிவந்தார். அல்லி இறக்கையை உதறி முடிப்பதற்குள் நரியார் முன்னால் போய் நின்றார்.

"இவளுக்கு இறக்கை நடுங்கிவிட்டது, ராஜா. நான்தான் பிடித்து ஏரியில் இறக்கினேன்."

கரடியும் ஆடும் தரையைப் பார்த்தன. இரண்டுக்கும் குழுவில் பதவி இருந்தது.

சிங்கராஜாவுக்குப் புல்லரித்தது. இவ்வளவு கெட்டிக்காரரைப் பின்சீட்டில் உட்காரவைத்தோமே என்று வருந்தினார். கொட்டகையில் இன்னொரு விமானம் இருக்கிறது. நாளைக் காலை தன்னையும் ராணியையும் நரியாரே ஏற்றிப்போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நரியார் மெல்லப் பின்னால் நகர்ந்து வந்தார். "நீ ஏதாவது சொல்லேன் அம்மா" என்று அல்லியிடம் கிசுகிசுத்தார்.

"நான் என்ன சொல்ல, தலைவரே? எனக்குத்தான் நடுங்குமே."

மறுநாள் காலை சிங்கராஜாவும் ராணியும் விமானத்தில் ஏறிக் காத்திருந்தார்கள். நரியார் மலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பதாகக் காகம் வந்து சொன்னது. கரடியும் ஆடும் அப்போதுதான் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லின. ராஜா சாவியை அல்லியிடம் நீட்டினார்.

அடுத்தவர் செய்த வேலைக்குப் பெயர் வாங்குகிறவர், அந்த வேலையைச் செய்துகாட்டவும் தயாராக இருக்க வேண்டும்.