அண்டாவுக்குச் சொந்தக்காரர்

செங்காட்டுச் சீமையை ஒரு காலத்தில் கீர்த்திவாகனன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் தன் பெயரைப் பிறர் சொல்லிக் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பெயருக்கு முன்னால் பதினெட்டுப் பட்டங்கள் வைத்திருந்தார். 'மலைகளை மிரட்டிய' என்பது முதல் பட்டம். எந்த மலை என்று யாரும் கேட்டதில்லை.

தலைநகரத்துச் சந்தையில் புளி விற்கிறவள் செம்பாயி. அவளும் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்து வந்தார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். விற்காத கத்தரிக்காய், அடிபட்ட பூசணி எல்லாம் வந்து சேரும். சந்தை மண்டபத்தில் பெரிய செப்பு அண்டாவில் சோறு பொங்கி, வீடில்லாமல் அங்கே படுத்துக்கிடப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் போடுவார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. இலையைப் போட்டு "உட்காருங்க" என்பதோடு சரி.

அரண்மனையின் நெல்லுக்கும் பருப்புக்கும் அதிகாரியான நல்லசிவத்துக்கு இது பொறுக்கவில்லை. ராஜாவின் பிறந்தநாளில் அவர் நடத்தும் அன்னதானத்தில் பதினெட்டுப் பட்டங்களையும் சொன்னால்தான் இலை விழும். சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடும். வருஷா வருஷம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. சந்தையில் சாப்பிடுகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுப் புளிக்காரியைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று அவர் ராஜாவின் காதில் போட்டார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. செம்பாயியைச் சபைக்கு வரவழைத்தார். நாளை முதல் அண்டா தன்னுடையது, பட்டங்களைச் சொன்னவர்களுக்குத்தான் சோறு, மறுத்தால் அண்டாவை உருக்கி மணி செய்துவிடுவேன் என்றார்.

மண்டபத்து முகங்கள் செம்பாயிக்கு நினைவில் வந்தன. பேச்சு வராத மாடசாமி. எழுந்து நிற்கவே தெம்பில்லாத பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. அவர்கள் எந்தப் பட்டத்தைச் சொல்வார்கள்? ஆனாலும் அவள் கும்பிட்டாள்.

"எடுத்துக்கங்க மகாராஜா. சொந்தக்காரருக்கு ஒரு வழக்கம் மட்டும் இருக்கு."

"என்ன வழக்கம்?"

"எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அண்டாவில மிச்சம் இருக்கிறதைத்தான் அவர் சாப்பிடணும். அதுவரைக்கும் வேற எதுவும் வாயில படக்கூடாது. நாங்க அப்படித்தான் சாப்பிடுறோம்."

ராஜா தயங்கினார். நல்லசிவம் குனிந்து, "பிரபு, ஒரு புளிக்காரியால் முடிவது தங்களால் முடியாதா?" என்றார். தன் வாழ்நாளில் அவர் செய்த பெரிய தவறு அந்தக் கேள்விதான். ராஜா சபையறியச் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் ராஜா கிரீடத்தோடு மண்டபத்தில் வந்து அமர்ந்தார். வரிசை நகரத் தொடங்கியது. முதலில் வந்த மூட்டைக்காரர் ஏழாவது பட்டத்தில் தடுமாறினார். நல்லசிவம் அவரை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அடுத்து மாடசாமி. பேச்சு வராதவருக்கு விலக்கு உண்டா என்று ராஜா யோசிப்பதற்குள், அவர் சைகையிலேயே ஆரம்பித்துவிட்டார். மலையை மிரட்டினார், மலை பயந்தது, கெஞ்சியது, காலில் விழுந்தது. இவ்வளவும் முதல் பட்டத்துக்கு. வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் சிரித்தார். அப்புறம் இன்னும் பதினேழு இருப்பது நினைவுக்கு வந்தது.

உச்சிவேளையாயிற்று. பெருங்காய வாசனை ராஜாவின் மூக்கிலேயே நின்றது. வரிசை எதுவரை நிற்கிறது என்று கேட்டார். இலுப்பை மரத்தைத் தாண்டி என்றார்கள்.

பட்டங்களில் பாதி போதும் என்றார் ராஜா. கொஞ்ச நேரம் கழித்து மூன்று போதும் என்றார். பிறகு வெறும் பெயர்.

"பிரபு, தங்கள் கீர்த்தி..." என்று இழுத்தார் நல்லசிவம்.

"கீர்த்தி எங்கும் ஓடிவிடாது. இலையைப் போடு."

சொல்லும்போதே நல்லசிவத்தின் உதடுகள் வெற்றிலையில் சிவந்திருந்ததை ராஜா பார்த்தார். மனிதர் நடுவில் அரண்மனைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ராஜா வியர்வையில் வழுக்கிய கிரீடத்தைக் கழற்றித் தூணோரம் வைத்துவிட்டு, அகப்பையைக் கையில் எடுத்தார். அப்படியாவது சீக்கிரம் முடியட்டும் என்றுதான். "உட்காருங்க, உட்காருங்க" என்று இலை இலையாக ஓடினார். பிள்ளைத்தாய்ச்சி ஒரு பெயரையும் சொல்லாமல் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அண்டாவைச் சுரண்டியதில் இரண்டு அகப்பை தேறியது. ராஜா இலை முன் உட்கார்ந்தார். முகத்தில் கரி, வேட்டியில் குழம்பு. அப்போது காலெல்லாம் புழுதியாக ஒரு வழிப்போக்கர் வந்தார். காலி அண்டாவைப் பார்த்தார். ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து கொஞ்சம் அவலை எடுத்து நீட்டினார்.

"தம்பி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே. சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? முதல்ல இதை மெல்லு."

ராஜா மென்றார். தான் யாரென்று தெரியாமல் இதுவரை யாரும் அவருக்கு எதுவும் கொடுத்ததில்லை. தன் இலையைக் கிழித்துப் பாதியை அவர் முன் வைத்து, சோற்றையும் பாதியாகப் பிரித்தார். இருவரும் சாப்பிட்டார்கள். வழிப்போக்கர் கைகழுவி, "அண்டா வச்சவங்க நல்லா இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ராஜா செம்பாயியைக் கூப்பிட்டார்.

"அண்டாவை நீயே எடுத்துக்கொள். இதற்குச் சொந்தக்காரனாக இருக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம், அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது?"

"யாரும் ஏற்படுத்தலை மகாராஜா. பரிமாறி முடிக்கிறப்போ நேரமாயிடும். அவ்வளவுதான்."

ராஜா தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். ஊர் கேட்டாலும் தருகிற நிலையில் இருந்தார். செம்பாயி, மற்ற வீடுகளைப் போல அரண்மனை உலையிலிருந்தும் தினம் ஒரு பிடி அரிசி வேண்டும் என்றாள். "உங்க கைப்பிடியா இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டாள். அதனால் ராஜா காலையில் எழுந்து சமையல்கட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு பிடி என்று ஆரம்பித்தவர், தன் கை சிறியது என்று சொல்லி மரக்காலால் அளக்கத் தொடங்கினார்.

பட்டங்களையும் அவர் வீணாக்கவில்லை. அவற்றை அவ்வளவு நேசித்த நல்லசிவத்துக்கே கொடுத்துவிட்டார். அன்று முதல் நல்லசிவம் ஒவ்வொரு வேளையும் இலை முன் நின்று பதினெட்டையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. கடைசிப் பட்டத்துக்கு அவர் வந்து சேரும்போது அப்பளம் நமுத்துப் போயிருக்கும்.