தீவனம் இறங்காத பறவை

"டீச்சருங்க, அந்தப் பறவை செத்துப் போயிருமுங்க."

ரோஸ்லின் டீச்சர் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எது?"

"அதுதானுங்க, பாறைக்குப் பக்கத்துல. காலு மேல முட்டையை வெச்சுக்கிட்டு நிக்குதே, அந்த அப்பன்காரன்."

ஆறுச்சாமி நாமக்கல்லில் கோழி டாக்டர். அங்கே ஒரு கோழி தும்மினால் போதும், அவருக்குத்தான் போன் போகும். அப்பேர்ப்பட்ட மனுஷன், பெங்குவின் என்ன தின்கிறது என்று படிக்கக் கப்பல் ஏறி, உலகத்தின் தெற்குக் கோடியில் கிடக்கும் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்திருந்தார். மரம் கிடையாது. டீக்கடை கிடையாது. காற்று மட்டும் வாய் மூடாது.

பெங்குவினைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ரோஸ்லின் டீச்சர். குளச்சலில் வலைக்காரர் வீட்டுப் பெண். டாக்டரை விட வயதில் சின்னவர். அதில் டாக்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பறவை சாகப்போகிறதே என்பதுதான் வருத்தம்.

"நெஞ்செலும்பு கையில குத்துதுங்க. கடலுக்குப் போயி எத்தனையோ நாளாச்சு. ஆனா வயிறு நெறைய மீனு. துளியூண்டு எடுத்துப் பாத்தேன். செதிலுகூடக் கரையலை."

"ஓகோ."

"தீவனம் இறங்கலீங்க. இரைப்பை கட்டிக்கிச்சு. எங்கூர்ல இப்படி ஆனா, மறுநாள் கோழி இருக்காது. குழாயை விட்டு, வெந்நி ஊத்தி, மொத்தத்தையும் வாளியில எடுத்துட்டா உசுரு தப்பிச்சுக்கும்."

"அதுக்குப் பசிக்குதா டாக்டரே?"

"பின்ன? வத்தலாப் போச்சுங்க."

"அப்ப ஏன் தின்ன மாட்டேங்குது?"

"தின்னதுதானுங்களே வயித்துல கெடக்குது!"

டீச்சரின் கத்தி நின்றது.

"தின்னுச்சா?"

அவ்வளவுதான். அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார்.

"கை மட்டும் வச்சிராதீங்க" என்றார்.

இதென்ன பதில்? ஒரு உயிர் போகிறது, இந்தம்மாவுக்குக் குழம்பு பெரிதாகப் போய்விட்டது! முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் போய்ப் பார்ப்பார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பார். பொழுது சாயும்போது மறுபடியும் போவார்.

கரையில் பெங்குவின்கள் அலையோடு வந்து ஏறும். ஒவ்வொன்றும் தன் ஜோடியைக் கூப்பிடும். ஒவ்வொரு குரலுக்கும் இது கழுத்தை நிமிர்த்தும். பிறகு தாழ்த்திக்கொள்ளும்.

இதைக் கூப்பிட ஒருத்தியும் வரவில்லை.

"ஆத்தாக்காரி இன்னும் வல்லீங்களே டீச்சர்?"

"வருவா."

"எப்பங்க?"

"கடலுக்குப் போனவங்க எப்ப வருவாங்கன்னு எவரால சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு டீச்சர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அந்த முகத்தை டாக்டர் பார்த்தார். இந்தம்மாவுக்கும் பயம்தான் போலிருக்கிறது.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

விடிந்தும் விடியாமல் வெந்நீர் வைத்தார். வெதுவெதுப்பு சரியா என்று புறங்கையில் ஊற்றிப் பார்த்தார். வாளியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டில் திருடப் போகிறவர் மாதிரி சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

பறவை நின்ற இடத்திலேயே நின்றது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தபோது ஒருதரம் துடுப்புச் சிறகால் அடித்தது. முன்னே அடித்தால் கை வீங்கும். இன்றைக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான்.

"கோவிச்சுக்காதே சாமி. உன் நல்லதுக்குத்தான்."

அலகைப் பிடித்துத் திறந்தார். குழாயின் நுனியை உள்ளே வைத்தார்.

கீச்.

டாக்டர் குழாயை மேலே தள்ளாமல் நிறுத்தினார்.

நாமக்கல்லில் குஞ்சு பொரிக்கும் கூடங்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டே தலை நரைத்த மனுஷன் அவர். அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குனிந்து பார்த்தார். பறவையின் கால்மாட்டில் ஓட்டுத் துண்டுகள். அடிவயிற்று மடிப்பு அசைந்தது. மயிர் முளைக்காத சின்னத் தலை ஒன்று ஆடி ஆடி வெளியே வந்தது. வாயைத் திறந்தது.

அப்பன்காரன் அவர் கையிலிருந்து அலகை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. குனிந்தது. அதன் கழுத்து ஏறி ஏறி இறங்கியது.

வந்தது மீன். அத்தனை நாளும் கரையாமல் கிடந்த அதே மீன்.

குஞ்சு விழுங்கியது. மறுபடியும் வாயைத் திறந்தது. மறுபடியும் கிடைத்தது.

ஒரு துணுக்கு கீழே சிந்தியது. எலும்பும் தோலுமாக நின்ற பறவை அதைப் பொறுக்கி, அதையும் குஞ்சின் வாயில் வைத்தது.

டாக்டர் குழாயைச் சுருட்டினார். கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அந்த மீன் வாளியில் கிடந்திருக்கும்.

பின்னால் காலடிச் சத்தம். டீச்சர் ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. காலில் செருப்புகூட இல்லை. வந்த வேகத்தில் வாளியை எட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் தண்ணீர். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது.

"என்ன டாக்டரே, அது தின்னதை எல்லாம் எடுத்தாச்சா?"

ஆறுச்சாமி குஞ்சைக் காட்டினார்.

"அது எங்கீங்க தின்னுச்சு?" என்றார்.