எப்படி வைத்தாலும் உட்காரும்

இந்தச் சம்பவத்தைச் சொல்ல வரும்போதெல்லாம் துளசிமணி முதலில் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வாள். இடதை வலது என்று மாற்றிச் சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பயம். அன்றைக்குக் கெட்டதும் அப்படித்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடம் அளவு அட்டை வெட்டியவள் அவள். அதன்பிறகு, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் பழுது பார்க்கும் கொட்டகையில் சேர்ந்தாள். அவளுக்கு நாற்பத்தேழு வயது. வேலை கற்றுக்கொடுத்த எட்வினுக்கு முப்பத்தொன்று. அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

ஒருநாள் பழைய விமானம் ஒன்றின் கருவிப் பலகை மேசைக்கு வந்தது. ஓட்டுகிறவர் கண்ணெதிரே வட்டவட்டமாகக் கருவிகள் இருக்குமே, அந்த அலுமினியத் தகடு. உயரம் காட்டும் புதுக் கருவிக்காக அதன் இடது பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை போட வேண்டும். பழைய விமானம். அதற்கு வேறு பலகை எங்கும் கிடைக்காது.

வெட்டும் பிளேடு வழுக்காமல் இருக்க ஒரு ஜிக் வேண்டும், அதாவது பிளேடுக்கு வழிகாட்டும் இரும்புத் தட்டு. துளசிமணியே நான்கு நாள் அராவி அதைச் செய்தாள். இரண்டு ஆணி செருகினால் பலகைமேல் கச்சிதமாக உட்காரும்.

“மாஸ்டர், கை நடுங்குதுங்க. நடுங்காத கை எப்பங்க வரும்?”

“ஜிக் எப்படி வந்திருக்கு?”

அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“அருமையா வந்திருக்குங்க. எப்படித் திருப்பி வச்சாலும் உக்காரும். பனியன் கை வெட்டுற அட்டை மாதிரி. இப்படி வச்சா வலது கை, திருப்பி வச்சா இடது கை.”

“எப்படி வச்சாலுமா?”

“ஆமாங்க.”

எட்வின் ஜிக்கை எடுத்தார். திருப்பினார். ஆணிகளைச் செருகினார். அழகாக உட்கார்ந்தது. கையில் பிடித்து வெட்டும் மெஷினைப் போட்டார்.

விளையாடுகிறார் என்று துளசிமணி சிரித்தாள். பிளேடு தகட்டைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. கத்த நினைத்தாள். அதற்குள் பிளேடு பாதி வட்டம் சுற்றியிருந்தது.

வட்டத் துண்டு கீழே விழுந்து, உருண்டு வந்து, அவள் செருப்பில் முட்டிச் சாய்ந்தது.

ஓட்டை வலது பக்கத்தில் இருந்தது.

எண்ணெய் டின் ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சேவா வெட்டுனீங்க?”

“தெரிஞ்சுதான்.”

“வேற பலகை கிடைக்காதுன்னீங்களே.”

“கிடைக்காது. நான் செஞ்சிக்கிறேன்.”

“ஜிக்குல என்னங்க தப்பு?”

“ஒண்ணுமில்லக்கா. சரியாத்தான் உக்காருது.” பிளேடைக் கழற்றித் துடைத்தார். “தப்பாவும் உக்காருது.”

அன்று அவள் கொண்டுவந்த சோறு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

ஒன்பது நாள் எட்வின் புதுத் தகட்டை அளந்து, வெட்டி, உயரக் கருவியின் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக அராவினார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. துண்டான அந்த வட்டத்தை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

பத்தாம் நாள் காலையில் புதுப் பலகையைப் பார்த்தாள். மேலே இடது மூலையில் மட்டும் ஒரு திருகு ஓட்டை இருந்தது. வலது மூலையில் இல்லை. ஜிக்கில் அதற்கு நேராகத் துளை போட்டாள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி மூன்றாவது ஆணி ஒன்றைக் கழற்ற முடியாதபடி அடித்து இறக்கினாள்.

எட்வின் வந்து நின்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் வேண்டுமென்றே ஜிக்கைத் தப்பான பக்கம் வைத்தாள். மூன்றாவது ஆணி தகட்டில் இடித்தது. அழுத்தினாள். உட்காரவில்லை. உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். உட்காரவில்லை.

பிறகுதான் திருப்பி வைத்தாள். டக்கென்று இறங்கியது.

மெஷினைக் கையில் எடுத்தாள்.

“மாஸ்டர், இன்னும் நடுங்குதுங்க.”

“நடுங்கட்டும். வெட்டுங்கக்கா.”