வரி குறைந்த நாட்டில் ஒரு காய்ச்சல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஓர் ஆற்றின் தென்கரையை வல்லபமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தன் நாட்டில் வரி பத்தில் ஒரு பங்குதான் என்று அவனுக்கு அப்படியொரு பெருமை. வடகரை ராஜாவோ மூன்று பங்கு வாங்கினான். அதைச் சொல்லிச் சொல்லியே அரசவையில் தினமும் சிரிப்பார்கள். சிரிப்பைத் தொடங்கிவைப்பது வரி மந்திரி திருமேனிநாதரின் வேலை.

ஒருநாள் செக்காட்டும் குருவம்மாளைக் காவலர்கள் பிடித்து வந்தார்கள். புருஷன், நாலு பிள்ளைகள், சட்டிபானையோடு பரிசலேறி வடகரைக்குக் குடிபோகப் பார்த்தாளாம். தென்கரைச் சட்டப்படி அது ராஜதுரோகம். வீடும் செக்கும் பறிபோகும்.

"மூன்று பங்கு பிடுங்குகிற ஊருக்கு வலியப் போகிறாளே! இவளுக்குக் கணக்கே தெரியாது மகாராஜா!" என்றார் திருமேனிநாதர்.

செக்கு போனால் ஆறு வயிறும் காயுமே. ஆனாலும் குருவம்மாளின் வாய் சும்மா இருக்கவில்லை.

"தெரியும் சாமி. பத்துக் குடம் எண்ணெய் எடுத்தேன். வரிக்கு ஒன்று. அப்புறம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். வைத்தியர் வலது கை நாடிக்கு ஒரு குடம் கேட்டார், இடது கைக்குத் தனியாக ஒன்று. நாக்கை நீட்டச் சொன்னதற்கு அரைக் குடம், உள்ளே இழுக்கச் சொன்னதற்கு இன்னொரு அரை. கஷாயத்துக்கு மூன்று. ஆக ஏழு போச்சு. அக்கரையில் என்றால் வரி மூன்றோடு முடிந்துவிடும். அங்கே வைத்தியருக்குச் சம்பளமே வரியிலிருந்துதான்."

"சொந்த உடம்புக்குச் சொந்தச் செலவு. அதுதான் சுதந்திரம்!" என்று மந்திரி காலை ஆட்டினார். அவர் முழங்காலில் புது மருந்துப் பற்று மணத்தது.

"அந்தப் பற்றுக்கு எத்தனை குடம் சாமி?"

"எனக்கெதற்கு? அரண்மனை வைத்தியர். எங்கள் குடும்பத்துக்கெல்லாம் கஜானா..." மந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குருவம்மாள் ராஜாவைக் கும்பிட்டாள். "பாவம் மகாராஜா, எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம் மந்திரிக்குக் கிடைக்கவேயில்லை. அவருக்கு வரியே போடாதீர்கள். அரண்மனை வைத்தியரையும் நிறுத்திவிடுங்கள். அவர் சந்தோஷமாக இருந்தால் நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன்."

புதிதாக எது காதில் விழுந்தாலும் ராஜாவுக்குக் குஷி. "பேஷ்! எழுதடா சாசனம்!"

மந்திரிக்கு இரண்டு மனைவிகள், பதினொரு பிள்ளைகள், நீர் கோத்த காலோடு ஒரு மாமியார். தடாலென்று காலில் விழுந்தார். "ஐந்து பங்கு வரி வேண்டுமானாலும் கட்டுகிறேன்! வைத்தியரை மட்டும் நிறுத்தாதீர்கள்!"

"ஐந்தா? வடகரைக்காரனே மூன்றுதானய்யா கேட்கிறான்!"

இந்தமுறை சிரிப்பைத் தொடங்கியது ராஜா. சிரித்து முடித்ததும் உத்தரவு பிறந்தது: குருவம்மாளுக்கு விடுதலை, மருத்துவசாலைக்குத் தைலம் ஆட்டும் உரிமை. வைத்தியர்களுக்கெல்லாம் கஜானாச் சம்பளம். ஊருக்கு வரி மூன்று பங்கு. மந்திரிக்கு மட்டும், அவர் வாயாலேயே சொன்னபடி, ஐந்து.

தண்டோரா கேட்ட ஜனங்கள் வழக்கம்போல ராஜாவைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் வைத்தியர் செலவுக்குப் பயந்து இத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்த இருமலையெல்லாம் நிம்மதியாக இருமிக்கொண்டே திட்டினார்கள்.