அருவிக்கரையில் ஏறிய பாறை

கர்ர்ர்... கர்ர்ர்... இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது, கண்ணுகளா. கல்மேல் கல்லை இழுக்கிற சத்தம். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். அருவிக்கரையில் ஓர் ஊர் இருந்த காலம். அந்த ஊரார் மலையைத் தங்கள் வீட்டுப் பெரியவராகவே கும்பிட்டார்கள். பெரியவர் வந்தால் கதவு திறந்திருக்க வேண்டாமா? அதனால் தாழ்ப்பாள் இருந்தும் யாரும் போட்டதில்லை.

மூன்று இரவு சத்தம் கேட்டது. மறுநாள், ஊருக்குப் புதிதாய் வந்திருந்த சாமியார் எல்லோரையும் அருவிக்கு அழைத்துப் போனார்.

"நான் பாடி முடிக்கும்வரை விழுகிற தண்ணீரையே பாருங்கள்... ம், இப்போது பக்கத்துப் பாறையைப் பாருங்கள்!"

பார்த்தார்கள். பாறை மெல்ல மெல்ல மேலே ஏறியது!

"மலை எழுந்து நடக்கப் போகிறது. இன்றிரவு வீடுகளைத் திறந்து போட்டுவிட்டு வயலில் போய்ப் படுங்கள்" என்று சொல்லிவிட்டு, சாமியார் தவம் செய்யக் காட்டுக்குள் போய்விட்டார்.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செவ்வந்தி மட்டும் மகன் குட்டானை இறுக அணைத்துக்கொண்டாள். அவனுக்குக் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. பனியில் படுத்தால் பிள்ளை தாங்குமா? வீட்டில் படுத்தால் மலை மிதிக்குமோ?

அங்கேயே உட்கார்ந்து அருவியைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள். ஏறியது. மறுபடி பார்த்தாள். ஏறியது. மூன்றாம் தடவை அருவியைப் பார்க்கும்போது குட்டான் முனகினான். தண்ணீரிலிருந்து சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். ஐயோ, பிள்ளை முகமும் ஏறியது! பதறிப்போய் அள்ளிப் பிடித்தாள். பிள்ளை எங்கும் போகவில்லை. மடியில் அவன் பாரம் அப்படியேதான் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் புருஷனைக் கூட்டி வந்தாள்.

"அருவியையே பாருங்க மாமா. பாத்தாச்சா? இப்ப என்னைப் பாருங்க."

"அடியே, நீயும் ஏறுறியே!"

"உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன்? ஓடுற தண்ணியையே பாத்த கண்ணு, நிக்கிறதையும் ஓட வைக்குது."

ஊரே திரும்பி வந்து பார்த்தது. "எங்க மாமியார் மேலே போறாங்க!" "சந்தோசப்படாதே, இறங்கிடுவாங்க!" ஒரே கும்மாளம். அன்று யாரும் வயலில் படுக்கப் போகவில்லை.

இரவு. கர்ர்ர்... கர்ர்ர்... செவ்வந்தி கதவிடுக்கில் பார்த்தாள். சாமியார் கயிற்றில் ஓர் அம்மிக்கல்லை இழுத்துக்கொண்டு வந்தார். தோளில் காலிச் சாக்கு.

"நாங்க எல்லாரும் வீட்டிலதான் இருக்கோம் சாமி. பிள்ளை தூங்குது, கல்லைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டுப் போங்க!"

கல்லைப் போட்டுவிட்டு ஓடினார் சாமியார்.

கண் பயங்காட்டுவதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும், கண்ணுகளா.

செவ்வந்தி குட்டானின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்துக் குளிர்ந்திருந்தது. பிறகு எழுந்து போய், அந்த ஊரில் முதன்முதலாக, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.